கப்பல்களில் தொற்றுத்தடைக் காப்பும் மருத்துவப் பரிசோதனையும்: குரோஸ் ஈல் தீவு, 1847

நோய்க்குரிய அறிகுறி எதுவும் இல்லாத ஒருவரைச் சில நாள்களுக்கு வெளியே செல்ல வேண்டாம் எனச் சுகாதார அலுவலர் அறிவுறுத்தும்போது, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, என்னை ஏன் நிறுத்தி வைக்கிறீர்கள்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. நோயாளியுடன் வீட்டில் இருப்பவர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழும். இதற்கான விடையை மருத்துவ உலகம் எளிதில் பெற்றுவிடவில்லை. கண்டங்களைக் கடந்து கப்பல்கள் கூட்டங்கூட்டமாக மக்களை ஏற்றிச்சென்ற 19ஆம் நூற்றாண்டில், துறைமுகங்களில் நிகழ்ந்த பெருந்துயரங்களிலிருந்தே அது சிறிது சிறிதாகத் தெளிந்தது. அவற்றுள் நன்கு பதிவான ஒன்று, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள குரோஸ் ஈல் தீவில் 1847ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அந்த நிகழ்வை இப்பக்கம் விளக்குகிறது.

தனிமைப்படுத்தலும் தொற்றுத்தடைக் காப்பும்

பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது தனிமைப்படுத்தல். நோய்க்கிருமி தொற்றியிருக்கக்கூடிய, ஆனால் இன்னும் நோய் வெளிப்படாத ஒருவரைக் குறிப்பிட்ட நாள்கள் வரை கண்காணிப்பில் வைப்பது, குவாரண்டைன் என வழங்கும் தொற்றுத்தடைக் காப்பு. முதலாமவர் நோயாளி. இரண்டாமவர் நோயாளியாக மாறலாம், மாறாமலும் போகலாம்.

கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்பர். காலராவுக்கு இது சில மணி நேரம் முதல் ஐந்து நாள்கள் வரை. பேன்வழிப் பரவும் டைபஸ் காய்ச்சலுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள். இக்காலத்தில் ஒருவரை எத்தனை முறை பரிசோதித்தாலும் அவர் நலமாகவே தோன்றுவார். ஆகவே காப்பில் வைக்கும் நாள்களின் எண்ணிக்கை நோயரும்பு காலத்தை ஒட்டியே அமைய வேண்டும்.

இவ்வறிவு பண்டைய துறைமுகங்களுக்கு இல்லை. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரம், இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை 30 நாள்கள் ஒதுக்கி வைக்கும் சட்டத்தை 1377இல் இயற்றியது. பின்னர் அது 40 நாள்களாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற பெயர் பிறந்தது. அந்த எண்ணிக்கைக்கு அளவீட்டு அடிப்படை கிடையாது. அனுபவமும் அச்சமும் சமய மரபும் கலந்து அதை வகுத்தன.

தீவு நிலையம் தொடங்கியது ஏன்?

1831ஆம் ஆண்டின் இறுதியில் காலரா பிரிட்டனை அடைந்தது. அங்கிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். கியூபெக் நகருக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் முன்பாக, கடலிலிருந்து வரும் கப்பல்கள் கடந்தே தீர வேண்டிய இடத்தில் குரோஸ் ஈல் அமைந்திருந்தது. 1832ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அங்கு காப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நிற்காமல் செல்ல முயலும் கப்பல்களை அச்சுறுத்துவதற்கென்று பீரங்கிகளும் நிறுவப்பட்டன.

எனினும் அவ்வாண்டிலேயே காலரா கியூபெக்கிலும் மான்ட்ரியலிலும் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காலரா நோயாளியின் கழிவு கலந்த நீரின் வழியாகப் பரவுகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஜான் ஸ்னோ அக்கருத்தை முன்வைத்தது 1849இல். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1880களில்தான் அடையாளம் காட்டினார். பீரங்கியால் கப்பலை நிறுத்த முடிந்தது. அறிகுறி இல்லாமலோ இலேசான வயிற்றுப்போக்குடனோ வந்த பயணியை அடையாளம் காண வழியில்லை.

1847: பஞ்சமும் கப்பல்களும்

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. ஏழை மக்களின் முதன்மை உணவே அதுதான். பட்டினியும் அதன் துணையாகக் காய்ச்சலும் நாடெங்கும் பரவின. 1847இல் பெருந்திரளான மக்கள் கப்பலேறினர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் பயணிகள் கப்பல் சட்டங்களை அவ்வாண்டு கடுமையாக்கியதால் அங்குச் செல்வதற்கான கட்டணம் உயர்ந்தது. எனவே வறியவர்களுள் பெரும்பகுதியினர் கனடாவை நோக்கினர்.

அவர்களை ஏற்றிவந்த கப்பல்களுள் பல, கனடாவிலிருந்து மரம் ஏற்றிச்செல்பவை. திரும்பும் வழியில் வெறுமையாக வருவதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் பலகைகளை அடித்துப் படுக்கைகளாக்கி மனிதர்களை ஏற்றின. ஆறடிச் சதுரப் படுக்கை ஒன்றில் நான்கு பேர் படுத்தனர். நாளொன்றுக்கு மூன்று குவார்ட்டு நீரும் வாரத்துக்கு ஏழு பவுண்டு மாவு அல்லது ரொட்டி வகையும் தர வேண்டும் என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். மூன்று குவார்ட்டு என்பது மூன்றரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாம் அதற்குள்ளேயே. பயணம் ஆறு வாரம், சில வேளைகளில் அதனினும் மிகுதி. உடுத்த துணியை ஒருமுறைகூட மாற்றாமல் அக்காலம் முழுவதும் கழித்தவர் பலர். பெரும்பாலான கப்பல்களில் மருத்துவர் இல்லை. புறப்படும் துறைமுகத்தில் நடந்த பரிசோதனையோ பெயரளவுக்கானது. பயணி நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துசெல்ல, சில நொடிகளில் அது முடிந்துவிடும்.

அதே ஆண்டு ஜெர்மன் துறைமுகங்களிலிருந்து வந்த குடியேறிகள் பெரும்பாலும் நலமாக வந்து சேர்ந்தனர் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அவர்கள் கடந்ததும் அதே கடல்தான். பட்டினியும் நெரிசலும் அழுக்கான ஆடையும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே காய்ச்சல் பற்றிக்கொண்டது.

நிலையத்தின் மருத்துவ மேற்பார்வையாளர் ஜார்ஜ் மெல்லிஸ் டக்ளஸ், வரவிருப்பதைக் குளிர்காலத்திலேயே உணர்ந்து அரசிடம் கூடுதல் நிதி கோரினார். கேட்டதில் சிறு பகுதியே கிடைத்தது. மே மாத நடுவில் லிவர்பூலிலிருந்து 'சிரியா' என்னும் கப்பல் வந்தது. அதில் வந்த 241 பயணிகளுள் 84 பேர் காய்ச்சலுற்றிருந்தனர். நிலையத்தின் மருத்துவமனை இருநூறுக்கு மேற்படாத நோயாளிகளுக்கென அமைக்கப்பட்டது. மாத இறுதியில் ஏறத்தாழ 40 கப்பல்கள் ஆற்றில் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. கோடையின் நடுவில் தீவில் மட்டும் சுமார் 2,500 நோயாளிகள் இருந்தனர்.

பரிசோதனையால் நோயைக் கண்டறிய முடிந்ததா?

கப்பல் நங்கூரமிட்டதும் மருத்துவர் படகில் வந்து ஏறுவார். பயணத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர், காய்ச்சலில் கிடப்பவர்கள் எத்தனை பேர் எனக் கப்பல் தலைவரிடம் கேட்பார். பின்னர் கீழ்த்தளத்தில் இறங்கிப் பார்ப்பார். நடக்கக்கூடிய பயணிகள் மேல்தளத்தில் வரிசையாக அவர் முன் கடந்து செல்வார்கள். முகம் சிவந்திருக்கிறதா, கண் கலங்கியிருக்கிறதா, நாக்கு எப்படி இருக்கிறது என்பவற்றைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது. உடல் வெப்பமானியைக் கொண்டு காய்ச்சலை அளக்கும் வழக்கம் மருத்துவத்தில் பரவ இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இரத்தப் பரிசோதனை என்பது எண்ணத்திலும் இல்லை.

ஒரு சில மருத்துவர்கள் ஒரே நாளில் பல நூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தாலும், நோயரும்பு காலத்தில் இருந்தவர்களைக் கண்டுபிடித்திருக்க இயலாது. பரிசோதனையில் நலம் என்று சான்று பெற்றவர்கள் நீராவிக் கப்பலில் ஏறி மான்ட்ரியல் சென்று, அங்கே காய்ச்சலில் விழுந்தார்கள்.

நலமாக இருந்தோரைக் கப்பலிலேயே வைத்திருந்தது

விதிப்படி, நோய் கண்ட கப்பலிலிருந்து எல்லோரையும் இறக்க வேண்டும். நோயுற்றோர் மருத்துவமனைக்கும் நலமாயிருப்போர் தனிக் கொட்டகைக்கும் செல்ல, கப்பல் தூய்மை செய்யப்படும். 1847இல் தீவில் இடம் இல்லை. நோயாளிகளுக்கே கூடாரங்கள் போதவில்லை. ஆகவே நலமாக இருந்தவர்களைக் கப்பலிலேயே இருத்திக் காப்புக் காலத்தைக் கழிக்கச் செய்தனர். இறக்குவதற்கு இடமின்றி நோயாளிகளும் அதே கப்பலில் நாள்கணக்கில் கிடந்தனர்.

இதன் விளைவு கணக்கின்படியே நடந்தது. முதல் நாளில் நலமாக இருந்தவர் ஐந்தாம் நாளில் அருகில் படுத்திருந்த நோயாளியிடமிருந்து தொற்றுப் பெறுவார். பத்தாம் நாளில் காப்பு முடிந்து விடுவிக்கப்படும்போது அவருக்கு அறிகுறி இராது. நோய் வெளிப்படும் நாளில் அவர் நகரத்தில் இருப்பார். நோயாளியோடு ஒரே இடத்தில் கழித்த நாள்களைக் காப்பு நாள்களாகக் கணக்கிட்டதே இங்கு நேர்ந்த பெரும்பிழை. டக்ளஸ் இதை அறியாதவர் அல்லர். கப்பலிலேயே அடைத்து வைப்பதன் தீமையை அவர் கண்ணால் கண்டார். ஆயினும் அவரிடம் கொட்டகையும் படுக்கையும் ஆளும் இல்லை. கோடை முதிர்ந்தபோது காப்பு விதிகளைக் கடைப்பிடிப்பதே இயலாத நிலை வந்தது. கண்ணுக்கு நோயாளியாகத் தெரிந்தவர்களை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றவர்களை மேலே அனுப்பினர்.

அவ்வாண்டு தீவில் புதைக்கப்பட்டோர் 5,000க்கும் மேற்பட்டவர். மான்ட்ரியலில் மாண்டோர் ஏறத்தாழ 6,000 பேர் என, 1859இல் அங்கு நிறுத்தப்பட்ட நினைவுப் பாறை கூறுகிறது. கொட்டகைகளில் நோயாளிகளுக்கு உதவிய அந்நகர மேயர் ஜான் ஈஸ்டன் மில்ஸும் அதே காய்ச்சலில் நவம்பரில் இறந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகள் பலரைக் கியூபெக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன.

டைபஸ் எவ்வாறு பரவியது?

அன்று அதைக் 'கப்பல் காய்ச்சல்' என்றனர். கெட்ட காற்றே காரணம் என்று நம்பினர். சன்னல்களைத் திறந்தனர், பலகைகளுக்குச் சுண்ணாம்பு பூசினர். இவை தீங்கானவை அல்ல. ஆனால் நோயைச் சுமந்தது காற்று அன்று, உடற்பேன். ஆடையின் தையல் மடிப்புகளில் வாழும் இப்பேன், இரத்தம் குடிக்கும்போது டைபஸ் கிருமியை நோயாளியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் எச்சத்தில் கிருமி வெளியாகிறது. அரிப்பெடுத்துச் சொறியும்போது தோலின் கீறல் வழியே அது உடலில் புகுகிறது. காய்ச்சலால் மிகச் சூடேறிய உடலையும் இறந்து குளிர்ந்த உடலையும் விட்டுப் பேன் அடுத்தவரைத் தேடிச் செல்லும். ஒரு படுக்கையில் நால்வர் படுத்திருந்த கப்பலில் அது நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. இவ்வுண்மையைப் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் தூனிசு நகரில் 1909இல் நிறுவினார். அதற்காக 1928இல் நோபல் பரிசும் பெற்றார்.

திடீரென உயர்ந்த காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, சில நாள்களில் மார்பிலும் வயிற்றிலும் தடிப்புகள், அறிவு மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சையின்றி விட்டால் 40 விழுக்காடு வரை உயிரிழப்பு நேரலாம். இன்று டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் இதைக் குணப்படுத்த இயலும்.

நம் வாசகர்களுக்கு இங்கு ஒரு விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதனை அடுத்தும் காணப்படும் 'ஸ்கரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சல் வேறு. அது புதர்ப் பகுதியில் வாழும் நுண்ணுண்ணி கடிப்பதால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. அந்நோயாளியை வீட்டில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. கலப்பட நீராலும் உணவாலும் வரும் டைபாய்டு மற்றொரு நோய். பெயர் ஒலிப்பின் ஒற்றுமையால் இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு.

நோயாளிகளைப் பேணியோர்

1847இல் குரோஸ் ஈல் தீவில் பணியாற்றிய மருத்துவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலுற்றனர். நால்வர் இறந்தனர். மான்ட்ரியல் கொட்டகைகளில் தொண்டாற்றிய 'சாம்பல் நிறக் கன்னியர்' சபையின் 40 பேரில் 30 பேர் நோயுற்று, ஏழு பேர் உயிர்நீத்தனர். நோயாளியைத் தூக்கி, துடைத்து, ஆடை மாற்றிய கைகளுக்கே பேன் முதலில் ஏறியது. அவர்களுக்குக் கையுறையோ தனி மேலங்கியோ கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை. பராமரிப்பாளருக்கு ஏற்படும் இடர், நோயாளிக்கு மிக நெருங்கியிருப்பதால் வருவது. இன்றும் தொற்றுநோய்ப் பிரிவுகளில் பணியாளர்களுக்குத் தனிப் பாதுகாப்பு உடை முதலில் தரப்படுவதற்கு இதுவே காரணம்.

பிற்காலத்தில் மாறியவை

அடுத்த ஆண்டுகளில் தீவு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மருத்துவமனைகள் ஒரு முனையிலும் நலமாயிருப்போர் தங்குமிடங்கள் மறு முனையிலும் அமைந்தன. 1869 முதல் நிலையத்தின் பொறுப்பிலிருந்த மருத்துவர் பிரெடெரிக் மோன்டிசாம்பேர் காலத்தில் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் வந்தது. பயணிகளின் ஆடைகளையும் மூட்டைகளையும் நீராவியால் சூடாக்கித் தூய்மை செய்யும் கட்டடம் 1892இல் எழுந்தது. பயணிகள் ஒரு பக்கம் குளித்துக்கொண்டிருக்க, அவர்களுடைய உடைமைகள் மறுபக்கம் நீராவி அறைக்குள் செல்லும். பேனைப் பற்றி அறியுமுன்பே பேனைக் கொல்லும் முறை வந்துவிட்டது வியப்புக்குரியது. நிலையம் 1937இல் மூடப்பட்டது.

எல்லா இடங்களும் இப்பாடத்தை உடனே ஏற்கவில்லை. தமிழகத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெற்றுவந்த மொரீசியஸ் தீவுக்கு, 1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து காலராவுடன் இரு கப்பல்கள் வந்தன. அவற்றின் பயணிகள் போதிய தங்குமிடமும் மருத்துவ வசதியும் இல்லாத கேப்ரியல் என்னும் சிறு தீவில் இறக்கப்பட்டனர். அங்கு நேர்ந்த மரணங்களை அறிந்த இந்திய அரசு, மொரீசியஸுக்குத் தொழிலாளர் அனுப்புவதையே அவ்வாண்டு சிறிது காலம் நிறுத்தி வைத்தது.

இன்று துறைமுகங்களில் என்ன நடைமுறை?

இந்தியாவில் 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்கள் சட்டம், வரும் அல்லது புறப்படும் கப்பலைப் பரிசோதிக்கவும் அதில் வருவோரைத் தேவைப்பட்டால் நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பம்பாயில் 1896இல் தொடங்கிய பிளேக் நோயை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம் இது. உலக அளவில் 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன. காப்பில் வைக்கப்படும் பயணிக்குப் போதிய உணவு, நீர், தங்குமிடம், மருத்துவ உதவி, அவர் அறிந்த மொழியில் தகவல் ஆகியவற்றை நாடுகள் வழங்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. குரோஸ் ஈல் கப்பல்களில் இல்லாதிருந்தவை இவையே.

இன்று துறைமுகச் சுகாதார அலுவலரின் ஒப்புதல் பெற்ற பின்னரே கப்பல் கரையோடு தொடர்பு கொள்ளலாம். மஞ்சள் கொடி ஏற்றிய கப்பலைக் கண்டால் அதில் நோய் இருப்பதாக அஞ்ச வேண்டாம். பழங்காலத்தில் அது நோயின் அடையாளம். இன்று அக்கொடி "எம் கப்பல் நலமாக உள்ளது, அனுமதி தருக" என்று பொருள்படும்.

நோயரும்பு காலத்தைக் கொண்டு நாள்களை வரையறுப்பதற்கு மஞ்சள் காய்ச்சல் தெளிவான சான்று. அந்நோய் நிலவும் நாடுகளிலிருந்து ஆறு நாள்களுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இன்றி இந்தியா வருவோர், ஆறு நாள்கள் வரை காப்பில் வைக்கப்படலாம். ஆறு நாள் என்பது அந்நோயின் நோயரும்பு காலம். ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும் என்பதால், ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கது. இம்மஞ்சள் காய்ச்சலும் நாம் அறிந்த மஞ்சள் காமாலையும் ஒன்றல்ல.

வீட்டில் காப்பில் இருக்க நேர்ந்தால்

நாள்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைச் சுகாதார அலுவலரிடம் தெளிவாகக் கேட்டறியுங்கள். நோயாளியுடன் கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாளே பொதுவாகத் தொடக்க நாள். காப்பில் இருப்பவரும் நோயாளியும் ஒரே அறையில் தொடர்ந்து தங்கினால் எண்ணிக்கை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகையால் இருவருக்கும் தனித்தனி அறையோ, அது இயலாவிட்டால் வேறு தங்குமிடமோ தேவை. வீட்டில் இடம் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கான ஏற்பாட்டைக் கேட்பது உங்கள் உரிமை.

நோயாளியைக் கவனிக்க ஒருவரை மட்டும் அமர்த்திக்கொள்வது நல்லது. கருவுற்றவர், முதியவர், நாள்பட்ட நோயுள்ளவர் ஆகியோரை அப்பணியில் ஈடுபடுத்த வேண்டாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்கள் காப்பு நாள்கள் முழுவதற்கும் போதுமான மருந்தை முதல் நாளிலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள் தம் அடுத்த முறை எந்த நாள் என்பதை அலுவலரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். காப்பைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடலாகாது.

காய்ச்சலோ மூச்சுத்திணறலோ தொடர் வயிற்றுப்போக்கோ தோன்றினால், நாள் முடியட்டும் எனக் காத்திராமல் தெரிவியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம். ஊர்தியை அழைக்கும்போதே நீங்கள் காப்பில் இருப்பதைச் சொல்லிவிட்டால், வரும் பணியாளர்கள் உரிய பாதுகாப்புடன் வருவார்கள்.